ஓடும்போது ஆஃப் ஆகும் கார்: பார்ட் மாற்றுவதற்கு முன் கோளாறைப் பிடிப்பது எப்படி?

பெங்களூரில் சில்க் போர்டு தாண்டி ஓசூர் ரோட்டில் ஏறியதும் கார் ஆஃப் ஆகிறது. பின்னால் ஹாரன் சத்தம். ஓரம் கட்டி, ரெண்டு நிமிஷம் கழித்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. கேரேஜுக்குக் கொண்டு போனால் அங்கே அரை நாள் சமர்த்தாக ஓடுகிறது. "பம்ப் மாத்திப் பாக்கலாம் சார்" என்கிறார்கள். மாற்றுகிறோம். அடுத்த வாரம் அதே இடம், அதே ஹாரன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் ஹேட்ச்பேக்கில் மூன்று மாதம் இதை அனுபவித்தேன். பிளக், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் என்று பதினெட்டாயிரம் ரூபாய் போனது. கோளாறு அந்த மூன்றில் எதிலுமே இல்லை. அப்புறம் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஏழெட்டுப் பேர் வண்டிகளில் இதே நோயைத் தேடும்போது கூட இருந்தேன். எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: வண்டி நன்றாக ஓடும் நேரத்தில் சோதிக்கிறார்கள். விட்டு விட்டு வரும் கோளாறு, அது வந்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் பிடிபடும். ஆகவே பாதி வேலை, அடுத்த முறை வண்டி நிற்கும்போது நாம் தயாராக இருப்பதுதான்.

இது பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு. டீசலில் காரணங்களும் சோதனைகளும் வேறு.

1. கோளாறுதானா என்று முதலில் பாருங்கள்

சிக்னலில் நின்று, நியூட்ரல் போட்டு, கிளட்சை விட்டதும் ஆஃப் ஆகி, கிளட்சை மிதித்தால் தானே ஸ்டார்ட் ஆகிறதா? அது ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி. புது வண்டி வாங்கிய ஒருவர் இதற்காக இரண்டு முறை சர்வீஸ் சென்டர் போய் வந்தார். டாஷ்போர்டில் வட்ட அம்புக்குறிக்குள் 'ஏ' எழுத்து போட்ட பட்டன் இருக்கும். அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று இம்மொபிலைசர். சாவியின் சிப்பை அடையாளம் காணாவிட்டால் பெரும்பாலான கார்கள் ஸ்டார்ட்டே ஆகாது, அல்லது ஓரிரு நொடி ஓடி அடங்கிவிடும். அறுபதில் போகும் வண்டியை அது நிறுத்துவது அபூர்வம். ஆகவே எடுத்த எடுப்பில் சாவியைச் சந்தேகப்பட வேண்டாம்.

2. ஆஃப் ஆன நொடியில் கையும் காலும்

சோதனைக்கு முன் உயிர். இன்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் கல் மாதிரி கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரண்டு மிதிக்குத்தான் வரும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்துங்கள்.

முதலில் ஹசார்ட் லைட். பிறகு இடது பக்கம் ஒதுங்குங்கள். ஓடும்போது சாவியை முழுவதும் பின்னால் திருப்பி உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பதற்றத்தில் நிறைய பேர் செய்வது இதைத்தான்.

சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் மேம்பாலத்தில் தாராளமாக ஒதுங்க இடம் கிடையாது. கோளாறு தீரும்வரை கீழ் ரோட்டிலேயே போங்கள். நேரம் ஆகும், பரவாயில்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

பெரிய டூல் கிட் வேண்டாம். காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகும் புளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்று, அதற்கு ஏற்ற மொபைல் ஆப், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பன்னிரண்டு வோல்ட் டெஸ்ட் லேம்ப், பிளக்குக்கு ஸ்பார்க் வருகிறதா என்று காட்டும், இடைவெளி வைக்கும் ஸ்பார்க் டெஸ்டர், டார்ச், ஒரு நோட்டு. இதில் அதிகம் உழைப்பது நோட்டுதான்.

கார் பார்ட் கடைகள் உள்ள ஜேசி ரோட்டில் அடாப்டர் வாங்கினால், முடிந்தால் கடை வாசலிலேயே உங்கள் காரில் செருகி ஆர்பிஎம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மலிவு அடாப்டர்களில் சில, எல்லா கார்களோடும் பேசுவதில்லை.

பார்ட் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் விலை குறைவு என்று வாங்கி மாட்டிவிடத் தோன்றும். மாட்டும்போது கப்ளரை (வயரை இணைக்கும் பிளாஸ்டிக் முனை) கழற்றிப் போடுவதாலேயே சில நாள் கோளாறு மறையும். சென்சார்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவோம்.

4. எப்படிச் செத்தது என்று எழுதுங்கள்

என் கதைக்கு வருகிறேன். மூன்று மாதம் கழித்து, பொம்மனஹள்ளிப் பக்கம் தர்மபுரிக்காரர் ஒருவரின் சின்ன கேரேஜுக்குப் போனேன். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்: "தம்பி, மேடு பள்ளத்துல ஏறி இறங்கும்போது நிக்குதா, சமமான ரோட்டுல நிக்குதா?" எனக்குத் தெரியவில்லை. "டேங்க்ல எவ்ளோ இருந்துச்சு?" தெரியவில்லை. "நின்னப்போ ஆர்பிஎம் முள்ளு எங்க இருந்துச்சு?" தெரியவில்லை. "அப்ப என்னத்த வெச்சு பம்ப்ப மாத்துனீங்க?" என்றார்.

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கீழே சொல்பவற்றை எழுதுங்கள். ஓட்டுபவர் கவனிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் பொறுப்பைக் கொடுங்கள், இல்லையென்றால் ஓரம் கட்டியதும் போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எப்படி நின்றது? இதுதான் முதல் கேள்வி. மூன்று விதம் உண்டு. சாவியை யாரோ திருப்பின மாதிரி, சத்தமில்லாமல் பட்டென்று நிற்பது ஒன்று. இது பெரும்பாலும் கரண்ட் அல்லது சிக்னல் சம்பந்தப்பட்டது. இழுவை குறைந்து, ஜெர்க் அடித்து, திணறித் திணறி நிற்பது இரண்டாவது. அங்கே பெட்ரோல் பற்றாக்குறையைத் தேட வேண்டும். ஓடும்போது நன்றாக ஓடி, சிக்னலுக்காக வேகம் குறைத்ததும் ஐடிலிங் விழுந்து நிற்பது மூன்றாவது. அது காற்றோடு சம்பந்தப்பட்டது. நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் எங்கே தொடங்குவது என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

ஆர்பிஎம் முள் என்ன செய்தது? கியர் வண்டியில், கியர் விழுந்தபடி கிளட்சை மிதிக்காமல் உருண்டுகொண்டிருந்தால் சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போதும் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், இன்ஜின் சுற்றுவது ஈசியுவுக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) தெரியவில்லை என்று பொருள். கிராங்க் சென்சார், அதன் வயர், அல்லது ஈசியுவுக்கு வரும் கரண்ட். வேகத்தோடு சேர்ந்து மெதுவாக முள் இறங்கினால் சிக்னல் இருக்கிறது. இல்லாமல் போனது வேறு ஏதோ.

டாஷ்போர்டு விளக்குகள், ரேடியோ அணைந்தனவா? அவையும் சேர்ந்து அணைந்தால் பேட்டரி முனை, இக்னிஷன் சுவிட்ச், மெயின் ஃபியூஸ் பக்கம் போங்கள். பம்பையும் சென்சாரையும் மறந்துவிடலாம்.

மற்றவை ஒரு வரியில் போதும்: ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம், டேங்கில் எவ்வளவு, ஏசி போட்டிருந்ததா, மேடா பள்ளமா, மழையா, கடைசியாகப் பெட்ரோல் போட்டது எப்போது, திரும்ப ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் ஆனது. நாலைந்து முறை எழுதியதும் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும்.

5. ஸ்கேன் போடுங்கள், அழிக்காதீர்கள்

அடாப்டரைச் செருகியதும் கை 'கிளியர்' பட்டனுக்குத்தான் போகும். வேண்டாம். ஈசியு பதிவு செய்யும் பிழை எண்ணைத்தான் 'கோடு' என்கிறார்கள். கோடோடு சேர்த்து, அது பதிவான நொடியில் இருந்த வேகம், ஆர்பிஎம், சூடு எல்லாவற்றையும் ஈசியு சேமித்திருக்கும். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஆப்பில் வரும். அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி முனையைக் கழற்றினாலும் பல கார்களில் போய்விடும். ஆகவே பேட்டரியைத் தொடுவதற்கு முன் ஸ்கேன். திரையை அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள்.

இந்த நோயில் அடிக்கடி பார்ப்பவை: பி0335, பி0336, பி0339 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட். பி0340 கேம் சென்சார். பி0171 என்றால் பெட்ரோலைவிடக் காற்று அதிகம். பி0506 ஐடிலிங் குறைவு. பி0562 வோல்டேஜ் குறைவு. பி0685 ஈசியு ரிலே (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்).

கோடு சொல்வது சர்க்யூட்டின் பெயரை. எந்தப் பார்ட் கெட்டது என்பதை அல்ல. பி0335 வந்தால் சென்சார் கெட்டிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம், கப்ளரில் தண்ணீர் போயிருக்கலாம். பேஸ்மென்ட் பார்க்கிங் உள்ள அபார்ட்மென்ட் என்றால் நான் முதலில் எலியைத்தான் சந்தேகப்படுவேன். கோடு ஒன்றுமே இல்லையென்றாலும் கலங்க வேண்டாம். பம்ப் ஒரு நொடி நின்று மறுபடி சுற்றினால் பல கார்களில் எந்தக் கோடும் விழாது.

அப்புறம் லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் எண்கள். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனில் வைத்துப் பாருங்கள். கூலன்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 22 டிகிரியும் மற்றது 60 டிகிரியும் காட்டினால் ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

இன்டேக் குழாயின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரில் பெங்களூர்க்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். சென்னையில் அது 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில். இங்கே 91 காட்டினால் அதுதான் சரி. எங்கோ 101 என்று படித்துவிட்டு நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டவரை எனக்குத் தெரியும்.

ஃபியூயல் டிரிம் எண்களையும் (பெட்ரோலை ஈசியு எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது) எழுதிக்கொள்ளுங்கள். நீண்டகால டிரிம் பொதுவாக பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருக்கும். ஐடிலிங்கில் கூட்டல் பக்கம் அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. மாறாக, மேடேறும்போது அதிகமானால் பெட்ரோல் போதவில்லை.

கடைசியாக, ஆப்பில் ரெக்கார்டிங்கை ஆன் செய்துவிட்டு தினமும் ஓட்டுங்கள். ஆர்பிஎம், வேகம், வோல்டேஜ், டிரிம் போதும். இருபது விஷயத்தைத் தேர்ந்தெடுத்தால் மலிவு அடாப்டர் திணறி, முக்கியமான அந்த ஒரு நொடியைத் தவறவிட்டுவிடும்.

6. கரண்டும் எர்த்தும்

எந்த வகையாக நின்றாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். கரண்ட் ஒழுங்காக இல்லையென்றால் நல்ல சென்சாரும் நல்ல பம்பும் கெட்டது போலவே நடக்கும்.

இரவு நின்ற வண்டியில் பேட்டரி 12.4 முதல் 12.6 வோல்ட். ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை. சில புது கார்களில் ஆல்டர்னேட்டரை ஈசியுவே ஏற்றி இறக்கும். அங்கே எண் கொஞ்சம் அலைந்தால் பயப்பட வேண்டாம்.

பேட்டரி முனையைக் கையால் திருகிப் பாருங்கள். அசையக் கூடாது. அப்புறம் எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்திலும், மறுமுனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. வெறுமனே ஓம் அளவில் பார்த்தால் இது தெரியாது. ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் கேபிளும் ஓமில் நல்லது என்றே காட்டும். செல்ஃப் மாதிரி கரண்ட் அதிகம் இழுக்கும் பாரம் ஏற்றினால்தான் குட்டு உடையும்.

இப்போது இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, ஃபியூஸ் பாக்ஸில் உள்ள மெயின் ரிலேயையும் பம்ப் ரிலேயையும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். வயரிங் கட்டுகளை ஒவ்வொன்றாக ஆட்டுங்கள். சாவியை ஆன் நிலையிலேயே வைத்து மெல்ல அசையுங்கள். எதைத் தொட்டபோது இன்ஜின் தடுமாறுகிறதோ அதில் நில்லுங்கள். வீட்டுச் சாவி, ஆபீஸ் சாவி, ஒரு முருகன் டாலர் எல்லாம் ஒரே கொத்தில் தொங்கினால் முதலில் அதைக் கழற்றுங்கள். வருடக்கணக்கில் அந்தக் கனம் இக்னிஷன் சுவிட்சைத் தேய்த்துவிடும்.

ஒரே எண் போட்ட ரிலே இரண்டு இருந்தால், பம்ப் ரிலேயையும் ஹாரன் ரிலேயையும் இடம் மாற்றி வையுங்கள். செலவில்லாத சோதனை. கார் நிற்பது நின்று, ஹாரன் அடிக்காமல் போனால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்து, கம்பெனியில் வராத வயர் ஏதாவது இருக்கிறதா? என் வண்டியின் கோளாறு இங்கேதான் இருந்தது. பழைய ஓனர் ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டி, வண்டியைத் தூரத்திலிருந்து நிறுத்துவதற்காக ஒரு ரிலேயை பம்ப் வயரில் நடுவே கொடுத்திருந்தார். டிராக்கரைக் கழற்றி எடுத்துப் போனவர் ரிலேயை விட்டுவிட்டார். ஸ்டீயரிங்குக்கு அடியில், முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பீடு பிரேக்கரில் விழும்போதெல்லாம் பம்புக்கு வரும் கரண்ட் அறுந்தது. தர்மபுரி அண்ணன் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு குலுக்குக் குலுக்கினார், இன்ஜின் நின்றுவிட்டது. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மஞ்சள் போர்டு வண்டியாக ஓடி, பின்னால் வெள்ளை போர்டுக்கு மாறிய கார், சிஎன்ஜி கிட் போட்ட கார், வெளியில் அலாரம் மாட்டிய கார் என்றால் இதை இரண்டு முறை பாருங்கள். சிஎன்ஜி வண்டியில் பெட்ரோலில் மட்டும் ஒரு வாரம், கேஸில் மட்டும் ஒரு வாரம் ஓட்டினாலே பாதி வழி தெளிந்துவிடும்.

7. செத்துக் கிடக்கும் இரண்டு நிமிடம்

எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். வண்டி நின்றதும் செய்யும் முதல் காரியம் செல்ஃப் அடிப்பது. ஸ்டார்ட் ஆகிவிட்டால் சாட்சி அழிந்துவிட்டது. பாதுகாப்பான இடத்தில் நின்றிருந்தால், எடுத்ததும் செல்ஃப் அடிக்காமல் இந்த வரிசையில் போங்கள். முதல் மூன்றும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி முடிந்துவிடும். நெரிசலில் நடு ரோட்டில் நின்றிருந்தால் சோதனையை மறந்து முதலில் வண்டியை நகர்த்துங்கள்.

ஒன்று: ஏசி, ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்து, சாவியை ஆஃப் செய்து பத்து நொடி கழித்து ஆனில் வையுங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் பிரேக் மிதிக்காமல் இரண்டு முறை அழுத்துங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? மற்ற விளக்குகள் எரிந்து, இது மட்டும் எரியவில்லையென்றால் ஈசியுவுக்குக் கரண்ட் வரவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். மெயின் ரிலே, அதன் ஃபியூஸ், ஈசியு எர்த். அப்போது ஆப்பும் ஈசியுவோடு இணையாது.

இரண்டு: அதே நொடியில் பின்சீட் பக்கம் காது கொடுங்கள். பெரும்பாலான கார்களில் பம்ப் இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று முனகி நிற்கும். அது கேட்டால் ரிலேயும் வயரிங்கும் சரி. பம்ப் சுற்றுகிறது, ஆனால் அழுத்தம் தருகிறதா என்பது தனிக் கேள்வி. சில கார்களில் கதவைத் திறந்ததுமே பம்ப் முனகிவிடும், சிலவற்றில் உடனே இரண்டாம் முறை முனகாது. அதனால் வண்டி நன்றாக இருக்கும்போதே பார்க்கிங்கில் நாலைந்து முறை கேட்டுப் பழகுங்கள். நல்ல சத்தம் தெரியாதவருக்குக் கெட்ட சத்தம் தெரியாது.

மூன்று: இப்போது செல்ஃப் அடியுங்கள், கண் முழுவதும் ஆப்பின் ஆர்பிஎம் மீது. செல்ஃப் சுற்றும்போது 150 முதல் 300 வரை ஏதாவது காட்ட வேண்டும். சுற்றுகிறது, ஆனால் பூஜ்யம் என்றால் கிராங்க் சிக்னல் இல்லை. எட்டாம் படிக்குப் போங்கள்.

நான்கு: விளக்கு எரிகிறது, பம்ப் முனகுகிறது, ஆர்பிஎம் வருகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஸ்பார்க் டெஸ்டர். இதற்கு பானெட்டைத் திறக்க வேண்டும், ரோட்டோரத்தில் செய்வது உங்கள் விருப்பம். காயிலைக் கழற்றி வெறுமனே தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். போக இடமில்லாத அந்தக் கரண்ட் காயிலையும் ஈசியுவையும் சேதப்படுத்தலாம், உங்களையும் அடிக்கலாம்.

நாலு கேள்விக்கும் 'ஆம், இல்லை' என்று நோட்டில் எழுதிவிட்டால், அதற்குமேல் வண்டி ஸ்டார்ட் ஆனாலும் கவலை இல்லை.

8. பட்டென்று நிற்கும் வண்டி: கிராங்க் சென்சார்

சூடானதும் நின்று, பதினைந்து இருபது நிமிடம் ஆறியதும் ஸ்டார்ட் ஆகி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யம் காட்டினால் சந்தேகம் வலுவாக இவர் மேல்தான்.

முதலில் கப்ளரைத் திறந்து பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா, எண்ணெய் ஊறியிருக்கிறதா? மழைநாளில் தண்ணீர் நின்ற அண்டர்பாஸில் இறங்கிய வண்டி என்றால் இது பெரும்பாலும் வீண் போகாது. வயரை ஊசியால் குத்திச் சோதிக்காதீர்கள். அந்தத் துளை வழியே ஆறு மாதத்தில் துரு பிடித்து இன்னொரு கோளாறு பிறக்கும்.

இரண்டு வயர் சென்சாராக இருந்தால் ஆறியபோதும் சூட்டிலும் ஓம் அளந்து, உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். மூன்று வயர் இருந்தால் அது பெரும்பாலும் ஹால் வகை. ஓம் அளவு எதையும் சொல்லாது.

சூட்டில்தான் போகிறதா என்று உறுதி செய்ய, பார்க்கிங்கில் ஐடிலிங்கில் விட்டு சென்சார் மீது ஹேர் டிரையர் காட்டலாம். சுழலும் பெல்ட், ஃபேன் பக்கம் கையும் வயரும் போகக் கூடாது. வீட்டில் கேட்டுவிட்டு எடுத்து வாருங்கள். நான் கேட்கவில்லை, அதன் விளைவு தனிக் கதை.

9. திணறி நிற்கும் வண்டி: பெட்ரோல் வழி

டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது, வெயிலில், நீண்ட மேட்டில் நிற்கிறதா? பம்பைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான் அதைக் குளிரவும் வைக்கிறது. ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் பம்பைச் சீக்கிரம் தேய்க்கும்.

செலவில்லாததை முதலில் செய்யுங்கள். அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று வெளியே வந்தால் அது வெயிலில் சாதாரணம். பலமாக உள்ளே உறிஞ்சி, உடனே ஸ்டார்ட் ஆனால், டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வெற்றிடத்திலிருந்து பெட்ரோல் வராது.

இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து அசையாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் தெரியும்.

அழுத்தம் அளப்பதை மட்டும் கேரேஜில் விடுங்கள். சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் மூன்று முதல் நான்கு பார் வரை இருக்கும், சரியான எண் மேனுவலில். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சினால் தீ. 'கேஜ் மாட்டி, வண்டி பாரம் இழுக்கும்போது அழுத்தம் இறங்குதான்னு பாத்துச் சொல்லுங்க' என்று தெளிவாகக் கேளுங்கள். நின்ற இடத்தில் அளந்துவிட்டு 'நல்லா இருக்கு' என்றால் அது விடை இல்லை. சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் ஜிடிஐ வகை இன்ஜினில் இதைத் தாண்டிப் பல மடங்கு அழுத்தம் உண்டு. அதில் கையே வைக்காதீர்கள்.

10. சிக்னலில் மட்டும் நிற்கும் வண்டி: காற்று வழி

இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் திராட்டில் பாடியில் கரி படிந்தால், ஆக்சிலரேட்டரை விட்டதும் போதுமான காற்று கிடைக்காமல் நிற்கும். சுத்தம் செய்ய அதற்கென்றே உள்ள கிளீனர், துணி போதும். எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளாதீர்கள். சுத்தம் செய்தபின் ஐடிலிங் ஏறி இறங்கினால், ஈசியு பழைய கரிக்கு ஏற்பப் பழகியிருக்கிறது. பல கார்களில் ஸ்கேனர் வழியாகப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் 'சுத்தம் பண்ணதும் கெட்டுப்போச்சு' என்று திரும்பி வருபவர்கள் அதிகம்.

பெட்ரோல் போட்டு வந்த பத்து நிமிடத்தில் மட்டும் நிற்கிறதா? அப்படியானால் பர்ஜ் வால்வு. டேங்கின் ஆவியைச் சேர்த்து வைக்கும் கரி டப்பாவிலிருந்து அளவோடு இன்ஜினுக்கு விடும் வால்வு அது. திறந்தபடி மாட்டிக்கொண்டால் ஐடிலிங்கில் ஆவி மொத்தமாக உள்ளே போய் மூச்சு முட்டும். பங்க்கில் தானாக நின்ற பிறகும் 'ரவுண்டா ரெண்டாயிரம் ஆக்கிடுங்க' என்று சொல்கிறோமே, அந்த மிச்சம் திரவமாகவே டப்பாவுக்குள் போய் அதைக் கெடுக்கும். வால்வைக் கழற்றி, கரண்ட் இல்லாமல் ஊதுங்கள். காற்று போகக் கூடாது.

காற்று திருட்டைத் தேட சூடான இன்ஜின் மேல் கார்புரேட்டர் ஸ்ப்ரே அடிக்கும் வழக்கம் உண்டு. எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது. தண்ணீர் ஸ்ப்ரேயை, எலக்ட்ரிக்கல் கப்ளர்களைத் தவிர்த்து, இன்டேக் குழாய்களின் மேல் லேசாக அடித்தாலே ஐடிலிங் மாறுவது பல நேரம் தெரியும். ஆட்டோமேட்டிக் வண்டி டிரைவில் மட்டும் நின்று, நியூட்ரலுக்கு மாற்றினால் நிற்காமல் இருந்தால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக் விடவில்லையா என்று கியர்பாக்ஸ் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

11. சரியாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

மூன்று நாளுக்கு ஒரு முறை நின்ற வண்டி நான்கு நாள் ஓடிவிட்டால் அது வெற்றி இல்லை. நின்ற இடைவெளியைப் போல் குறைந்தது மூன்று மடங்கு நாள் பொறுங்கள். அதுவும் நோட்டில் உள்ள அதே நிலையில்: கால் டேங்கில் நின்றது என்றால் கால் டேங்கில், மதிய வெயிலில் டின் ஃபேக்டரி ஜங்ஷன் நெரிசலில் நின்றது என்றால் அங்கேயே. புதுப் பம்ப் போட்டு ஃபுல் டேங்கில் ஓட்டிப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமலே போகும், கழற்றிய நல்ல பார்ட்டும் வீணாகும். கழற்றியதை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

கேரேஜுக்குப் போகும் நிலை வந்தால் கன்னடத்தில் 'காடி ஆஃப் ஆக்தா இதே' (வண்டி ஆஃப் ஆகுது) என்று மட்டும் சொன்னால் மறுபடி பம்பில்தான் தொடங்குவார்கள். நோட்டின் அந்தப் பக்கத்தையும் ஃப்ரீஸ் ஃப்ரேம் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, எந்தச் சோதனையில் என்ன எண் வந்ததால் எந்தப் பார்ட்டை மாற்றப் போகிறார்கள் என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.